இவர் ஏன் சிரிக்கிறார்

ஒக்டோபர் 12, திங்கள்
விடியத் தூறல். விதைநெல் ஊறப்போட்டாச்சு. இவர் வெள்ளெனப் பாயோட குளக்கட்டுக்குப் போனவர், ஏழு மணிக்குத்தான் வந்தார். ஒன்பதாம் நாள் இது. முகத்தில சிரிப்பு. எங்கட மகள் றீற்றா காய்ச்சலில செத்துப்போய் எட்டு மாசம். என்ன சிரிப்பு?
கேட்டன். "சும்மா நடந்திட்டு வாறன்."
நடக்கிறதுக்குப் பாய் எதுக்கு?

13, செவ்வாய்
வெயில். வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், உப்பு, சவர்க்காரம்.
அடுத்த காணிச் செல்லம்மா வேலியால சொன்னா: "புளியங்குளத்தில ஒரு காவிச் சாமியாராம், கழுத்தில சிலுவை. மூச்சைப் பிடிச்சு யேசுவைக் கும்பிடுறாராம். உங்கட அவரும் அங்க போறவராம்."
எங்கட வேதமும் இல்லை, செல்லம்மாவையின்ர சைவமும் இல்லை. இவர் கழட்டிப்போட்ட சேட்டை மோந்து பார்த்தன். கஞ்சா இல்லை. பீடி மணம்கூட இல்லை. பதினைஞ்சு வருசமாப் பத்தின பீடி! அதுதான் கூடப் பயம்.

15, வியாழன்
பின்னால போனன். குளக்கட்டு மருதமரத்தடியில தனியச் சப்பாணி கட்டி, கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறார். மூச்சை இழுக்கேக்க "யேசுவே", விடேக்க "இரங்கும்". அவ்வளவுதான். பொம்பிளை ஒருத்தியும் இல்லை. (அதையும் நினைச்சனான்.)
வீட்டை வந்து கத்தினன். "பிள்ளையை மறந்திட்டியளோ?"
"இல்லை மேரி. அவளை மண்ணில தாட்ட அண்டைக்கு நெஞ்சில அடைச்சது இப்பதான் இளகுது. சந்தோசம் எண்டு சொல்லப் பயமாக் கிடக்கு. ஆனா சந்தோசம்தான்."
புட்டு அவிச்சன். கறி உப்புக் கரிப்பு.

18, ஞாயிறு
பூசை முடியப் பங்குச் சுவாமியிட்டைச் சொல்லவெண்டு நிண்டன். சொன்னா இவருக்கு நற்கருணை நிப்பாட்டுவார். கோயில் படியில எல்லாற்ற கண்ணும் இவரில.
சுவாமி கேட்டார்: "என்ன மேரி, வீட்டில ஏதும் கரைச்சலோ?"
"இல்லைச் சுவாமி. மழைதான் காணாது."
சுவாமிக்கே பொய். இவருக்காகவோ? தெரியேல்லை.

19, திங்கள்
மப்பு வானம். இவரோட நானும் போனன். ஏன் எண்டு கேக்காமப் பாயில தள்ளியிருந்து இடம் விட்டார். கண்ணை மூடினன். நுளம்புக் கடி. முழங்கால் நோ. மூச்சை இழுத்தன், விட்டன். சந்தோசம் ஒரு துளியும் இல்லை. அழுகைதான் வந்தது, றீற்றான்ர செத்தவீட்டில வராத அழுகை, சத்தம் போட்டு. இவர் கண் திறக்கேல்லை, கையை மட்டும் என்ர முதுகில வைச்சார்.
திரும்பி வரேக்க பசிச்சுது. கனநாளைக்குப் பிறகு.
நம்பேல்லை இன்னும். நாளைக்கும் போவன். என்ன வித்தை எண்டு பாக்கவேணும்.