உச்சி வெயிலில் நீ பிடித்த ஃபிளாஷ்

ஆண்டர்சன்பேட்டையில் ஃபிரேம் போடுகிறவர் உன் படத்தின் ஓரமாக ஸ்கேலை வைத்து, "அண்ணா, இந்தக் கைய இன்னா பண்றது? எங்கியோ நீட்டிக்கினு கீது. இத்தோட வெட்டிட்டா மொகம் நல்லா பெருசா வரும்" என்றார். நாளைக்கு உனக்கு முதல் வருஷ நினைவு நாள். ஊரையே படம் பிடித்தவளுக்கு மாலை போட இருப்பது இந்த ஒரு படம்தான். பெங்களூரிலிருந்து நம் மகனும் போனில் அதையே சொன்னான்: "கை ஒரு மாதிரி இருக்குப்பா. க்ராப் பண்ணச் சொல்லுங்க."

படத்தை வாங்கிக்கொண்டு என் கடைக்கு வந்துவிட்டேன். கல்லாவுக்குப் பக்கத்தில் உன் ஃபிளாஷ் இருக்கிறது. ஸ்விட்சைப் போட்டேன். அந்த மெல்லிய கீச்சுச் சத்தம் எழும்பி, அடங்கி, சிவப்புப் புள்ளி எரிந்தது. அணைக்க மனம் வரவில்லை.

நான் வியாபாரி. மாரிகுப்பம் ரயிலில் பிளாஸ்டிக் குடம் விற்று ஆரம்பித்து, ஷாமியானாவும் நாற்காலியும் வாடகைக்கு விடும் கடை வரை வந்தவன். உபயோகம் தெரியாத சாமானை வாங்க மாட்டேன். நீ இந்த ஃபிளாஷ் வேண்டும் என்றபோது, "மண்ட பொளக்கிற வெயிலு. இதுல லைட்டு இன்னாத்துக்கு?" என்று கேட்டேன். நீ வாதாடவில்லை. யாரிடமோ இரவல் வாங்கி வந்து, என்னை வாசலில் நிறுத்தி இரண்டு படம் எடுத்தாய். ஒன்று வெறும் வெயிலில்: கண் இருக்கும் இடத்தில் இரண்டு கறுப்புக் குழி, சுளித்த முகம். இன்னொன்றில் வெயிலுக்கு முதுகைக் காட்டச் சொல்லி, பக்கத்திலிருந்து ஃபிளாஷ் அடித்தாய். அதில் கண் இருந்தது, பின்னால் வானமும் நீலமாகவே இருந்தது. "மொதல்ல கீறவரு யாரையோ அடிக்கப் போறாரு. ரெண்டாவதுதான் நீங்க" என்றாய். மறுவாரம் ஃபிளாஷ் வாங்கினேன்.

இந்த ஊரில் பாதிப் பேர் பெங்களூர் வேலைக்கு விடியுமுன் ரயிலேறி இருட்டியபின் இறங்குகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமைதான் அவர்கள் முகத்தில் நம்மூர் வெயில் படும். கோயிலில் பூசை முடிந்து, நல்ல துணி கசங்குமுன், சாப்பாட்டுக்கு முன் படம் எடுத்தாக வேண்டும். அது சரியாக உச்சிப் பொழுது. இடமும் அவர்களே சொல்வார்கள்: சயனைடு மேடு. தங்கச் சுரங்கத்திலிருந்து வந்த கல்லை அரைத்து, சயனைடில் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய அந்த வெளிறிய மண்ணில் வெயில் கீழேயிருந்தும் அடிக்கும். காற்று வேறு. முதல் நாளே ஃபிளாஷ் மாட்டும் ஸ்டாண்டை அதன் வெள்ளைக் குடையோடு உருட்டிவிட்டது. அன்றிலிருந்து நான்தான் உனக்கு ஸ்டாண்டு. கையை உயர்த்தி ஃபிளாஷைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

"இன்னும் கிட்ட வாங்க. வெயிலோட மல்லு கட்டணும்னா லைட்டு மொகத்தாண்ட வரணும்" என்பாய். கிட்டே போனால், "ஐயோ, படத்துல கை விழுது, தள்ளுங்க." லைட் போட்டதே தெரியக்கூடாது என்பதுதான் உன் பிடிவாதம். படத்தைப் பார்க்கிறவன் வெயில் நல்ல வெயில் என்று மட்டும் நினைக்க வேண்டும்.

சுரங்க ஷாஃப்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் ஹெல்மெட்டைக் கழற்ற மாட்டேன் என்று நின்றது ஞாபகம் இருக்கிறதா? "இன்னாம்மா, நாங்க கீழ இருட்டுல லைட்டு போட்டோம். நீ சூரியனுக்கே லைட்டு அடிக்கிற" என்று சிரித்தார்.

"சூரியன் மேல இருந்து பாக்குது தாத்தா. ஹெல்மெட்டுக்குக் கீழ கீற உங்கள அதுக்குத் தெரியல" என்றாய்.

அவர் சிரித்து முடிப்பதற்குள் எடுத்துவிட்டாய்.

உன் நோய்க்குப் பார்த்த வைத்தியம் பலிக்கவில்லை என்று நமக்குத் தெரிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, "என்ன ஒரு படம் எடுங்க" என்றாய். எதற்கு என்று நான் கேட்கவில்லை. மேட்டில் ஏற உனக்கு மூச்சு இல்லை, அடிவாரத்திலேயே நின்றோம். கேமராவை என் கையில் கொடுத்த பிறகுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. ஃபிளாஷைப் பிடிக்க ஆள் இல்லை.

"யாரையாச்சும் கூப்பிடறேன்" என்றேன்.

"வேணாங்க. இந்த மொகத்த நீங்க பாத்தா போதும்."

வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று, நீயே ஃபிளாஷைப் பக்கவாட்டில் நீட்டிப் பிடித்துக்கொண்டாய். பேட்டரி பழையது, அது தயாராக நேரம் எடுத்தது. அந்தக் கீச்சுச் சத்தம் அடங்கும்வரை உன் கை நீண்டே இருந்தது. "கிட்ட வாங்க, கை விழக்கூடாது" என்றாய். நான் கிட்டே போகவில்லை. கண்ணில் வைத்த கேமரா வழியாக எனக்கு அந்தக் கை மட்டும்தான் தெரிந்தது. அமுக்கினேன்.

திரையைப் பார்த்துவிட்டு, "கண்ணுல குழி தெரியல, நல்லா கீது. கைய மட்டும் வெட்டிடுங்க" என்றாய். சரி என்று தலையாட்டினேன். உட்கார்ந்து உட்கார்ந்து வீட்டுக்கு வந்தோம்.

ஃபிரேம் போடுகிறவரும் மகனும் நீயும் சொல்வது ஒன்றுதான். சாமான் பார்க்கத் தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், வெட்டினால் படம் இன்னும் எடுப்பாக இருக்கும். லைட் போட்டதே தெரியாது. வந்து பார்க்கிறவர்கள் நல்ல வெயில் என்பார்கள்.

அதுதான் எனக்கு ஒப்பவில்லை. அன்றைக்கு அடித்த வெயில் உன் முகத்துக்கு ஒன்றும் செய்யவில்லை. உன் முதுகில்தான் அடித்தது. முகத்தில் இருக்கிற வெளிச்சம் நிற்க முடியாமல் நின்று நீயே பிடித்தது. வெயிலுக்கு அந்தப் பேரைக் கொடுக்க மாட்டேன்.

சாயங்காலம் போய் அகல ஃபிரேமாகப் போடச் சொல்லிவிட்டேன். கை முழுசாக இருக்கும். கூடத்து ஆணி அதற்குச் சரிப்படாது, வேறு இடம் பார்க்க வேண்டும். நீ இருந்தால் திட்டுவாய்.

இன்னமும் உச்சிப் பொழுதில் யாராவது கடை வாசலில் கண் சுருக்கி நின்றால், என் வலது கை தானாக மேலே போகிறது. அதில் ஒன்றும் இருப்பதில்லை. அவர்கள் நான் வணக்கம் சொல்வதாக நினைத்துப் பதிலுக்குக் கையைத் தூக்குகிறார்கள்.