மாற்றம் எதுவும் இல்லை

மார்த்தாண்டம்
14 ஜூலை 2024

அன்புள்ள கிருஷ்ணமணி அண்ணனுக்கு,

பெபிஷா எழுதுகிறேன். இரண்டு வருடத்துக்கு மேலாக ஒரு போன் கூடச் செய்யாதவளிடமிருந்து கடிதம் வந்தால் ஆச்சரியமாக இருக்கும். இங்கே நானும் குழந்தையும் சுகம். அவர் குவைத்திலிருந்து கிறிஸ்துமஸுக்கு வருகிறார். கல்லூரியில் இந்த வருடம் அணுக்கரு இயற்பியலை எனக்குத் தந்துவிட்டார்கள்.

போன வாரம், நாம் சேர்ந்து ஆராய்ந்த பாடத்தையே நடத்த வேண்டி வந்தது. சூடேறிய அணுக்கருவுக்குள் புரோட்டான்கள் ஒரு பக்கமும் நியூட்ரான்கள் எதிர்ப்பக்கமுமாக ஆடுவதையும், அப்போது வெளிவரும் காமா கதிர்கள் வரைபடத்தில் ஒரு மேடாகத் தெரிவதையும் சொன்னேன். அந்த மேட்டின் அகலத்தைத்தான் நாங்கள் அளந்தோம் என்றேன். அஜிதா என்றொரு பெண் எழுந்து, தப்பாக அளந்திருந்தால் எப்படித் தெரியும் மிஸ் என்று கேட்டாள். இன்னொருவர் அளந்தால் தெரியும் என்று சொல்லி உட்கார வைத்தேன்.

மறுநாள் வடசேரி பஸ் ஸ்டாண்டில் உங்கள் அம்மா என்னைக் கண்டு கையைப் பிடித்துக்கொண்டார்கள். "மக்கா, நீயும் அவங்கூடத்தான படிச்ச? அங்க அவன் என்னதான் செய்தான்? கேட்டா 'எந் தப்புதாம்மா'ங்கான், வேற ஒண்ணும் சொல்ல மாட்டேங்கான்" என்றார்கள். நான், பஸ் வந்துட்டு அம்மா, வாரேன் என்று சொல்லி, எதிரே நின்ற ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறி, பக்கத்திலேயே இருக்கும் ஒழுகினசேரியில் இறங்கினேன்.

அண்ணே, தப்பு என்னுடையது.

2021 நவம்பரில் நம் சோதனை நடந்த இரண்டாம் நாள் மதியம் என் முறை. மின்சாரம் ஒரு நொடி விட்டு வந்ததில், காமா கதிர்களைப் பிடிக்கும் படிகங்களில் ஒரு வரிசைக்கு மின்னழுத்தம் நின்றுபோனது. அப்போது நான் கல்யாணப் பேச்சு விஷயமாக வீட்டாரோடு போனில் இருந்தேன். பேசிக்கொண்டே மறுபடி ஏற்றினேன். மின்னழுத்தத்தின் எண்ணைத் தவறாகப் போட்டுவிட்டேன். மறுநாள் மதியம்தான் கண்ணில் பட்டது. யாரும் பார்க்காமல் பழைய எண்ணுக்கே மாற்றினேன். அதனால்தான் தொடக்கத்தில் எடுத்த அளவுத்திருத்தமும் முடிவில் எடுத்ததும் அச்சாக ஒத்துப்போயின. இடைப்பட்ட ஒரு நாள் எண்ணிக்கை கலந்ததில் மேடு அகன்றுவிட்டது.

பதிவேட்டில் இரண்டு நாளும் 'மாற்றம் எதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க ஒரு மாதம்தான் இருந்தது. பேராசிரியரின் கோபத்துக்குப் பயந்தேன். உங்கள் வரைபடத்தை முதலில் பார்த்தபோதே எனக்குப் புரிந்தது. "ஏட்டி, இது புதுசு, யாரும் கண்டதில்ல" என்று நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

பிறகு வேறொரு குழு அளந்து உங்கள் முடிவை மறுத்தது, நீங்கள் கட்டுரையைத் திரும்பப் பெற்றது, உங்களுக்குக் கிடைக்கவிருந்த ஜெர்மனி வேலை கைவிட்டுப் போனது எல்லாம் நம்மோடு ஆய்வகத்தில் இருந்த ரெஜின் சொல்லித்தான் தெரியும். தவறு எங்கே என்று தேடிய கூட்டத்தில் பேராசிரியர் பதிவேட்டைத் திறந்தபோது, அவளைச் சந்தேகிக்க வேண்டாம், கணக்கிட்டது நான் என்று நீங்கள் சொன்னதாகவும் அவன் சொன்னான். அன்று நான் கல்யாண ஆல்பம் புரட்டிக்கொண்டிருந்தேன்.

மின்னழுத்தத்தை ஏற்றிய நேரத்தையும் பிறகு திருத்திய நேரத்தையும் என் சொந்த நோட்டில் குறித்து வைத்திருந்தேன். அந்தத் தாள் இத்துடன் இருக்கிறது. 41 முதல் 68 வரையுள்ள தரவுப் பதிவுகளை நீக்கிவிட்டு மீண்டும் கணக்கிடுங்கள். எண்ணிக்கை குறையும், ஆனால் மிச்சமிருப்பது சுத்தமானது. பேராசிரியருக்கு இன்று காலை எல்லாவற்றையும் எழுதி அனுப்பிவிட்டேன். என் பட்டத்தைப் பற்றி அவர்கள் என்ன முடிவெடுத்தாலும் சரி. நாளை மயிலாடியில் உங்கள் வீட்டுக்குப் போய் அம்மாவிடமும் சொல்கிறேன்.

அங்கே மழைக்காலம் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கர்த்தர் உங்களைக் காப்பார் என்று எழுதக் கை வருகிறது, ஆனால் அதை எழுத எனக்கு என்ன உரிமை? ஒன்று மட்டும் கேட்கிறேன். பதில் போட்டால் வாயில் வந்ததையெல்லாம் திட்டி எழுதுங்கள். 'பரவாயில்லை' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அண்ணே.

இப்படிக்கு,
பெபிஷா