மடியில் உட்கார மறுத்தவள்

அத்-பாஷி,
ஜூன் மாதம், ஞாயிறு மாலை

என் மகளின் தகப்பனார் ஜோல்தோஷுக்கு,

கேன்ஜெகுல் எழுதுவது. மாஸ்கோவில் உங்கள் முதுகுவலி தேவலையா? சிமெண்டு மூட்டை தூக்கச் சொன்னால் கொஞ்ச நாளைக்கு மறுத்துவிடுங்கள். இங்கே வெள்ளைப் பசு ஈன்றுவிட்டது. உங்கள் அம்மாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. போனில் பேசினால் வீட்டில் நாலு பேர் காதில் விழும். அதனால் அங்கே வேலைக்குத் திரும்பும் நூர்ஸாத்திடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படியுங்கள்.

அந்த நூர்ஸாத் தன் இரண்டு பிள்ளைகளையும் கோடைக்கு மேய்ச்சல் மலைக்கு அனுப்பிவிட்டு, பாட்டுப் பாடிக்கொண்டு பெட்டி கட்டுகிறாள். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது. பிள்ளையைக் கண்ணுக்கு எட்டாத இடத்துக்கு அனுப்பிவிட்டு எப்படித் தூக்கம் வருகிறது இவர்களுக்கு? உங்கள் மீதும் எனக்கு இதே எரிச்சல்தான். நம் மகள் அக்மூர் ஓடி வந்தால் யோசிக்காமல் தூக்கிக் கழுத்தில் உட்கார வைத்துக்கொள்வீர்கள். என்னை அவள் பின்னாலிருந்து கட்டிக்கொண்டால் என் உடம்பு விறைத்துப்போகும். எட்டு வயதாகியும் நான் அவளைத் தனியாகப் படுக்க விடுவதில்லை என்று உங்கள் தங்கைக்கு ஒரே கேலி. "அண்ணி, பேசாம உங்க பாவாடை நாடாவுல முடிஞ்சு வச்சுக்குங்க, தொலையாது" என்கிறாள். சிரித்துவைக்கிறேன்.

போன வாரம் என் தம்பி மகனுக்குத் தொட்டில் விருந்து. சபிர்பெக் மாமா வந்திருந்தார். என் அம்மாவின் ஒரே தம்பி ஆயிற்றே, பெரிய விருந்தாளிக்கு உரிய ஆட்டுத்தலையை அவருக்குத்தான் வைத்தார்கள். வழக்கம்போல யாரோ, "ஏழு ஓநாய் வந்தாலும் வரட்டும், அக்கா பிள்ளை மட்டும் வீட்டுக்கு வரக்கூடாது" என்று பழமொழி சொல்லிச் சிரிப்பு மூட்டினார்கள். அக்காள் பிள்ளை ஆசைப்பட்டதை மாமன் இல்லை என்று சொல்லக்கூடாதே! உடனே மாமா அக்மூரைக் கூப்பிட்டார். "வாடி தங்கம், வந்து மடியில உக்காரு. என் பழுப்புக் குதிரை போட்ட குட்டி உனக்குத்தான். கோடைக்கு மலைக்கு வந்து நீயே வளத்துக்க" என்றார்.

"குட்டியும் வேணாம், மடியும் வேணாம்" என்று சொல்லிவிட்டாள் உங்கள் மகள்.

கூடமே சிரித்தது. மாமாவின் மனைவி, "பெரியவங்ககிட்ட பேசுற பேச்சா இது? போ, போய் உக்காரு" என்று அவள் தோளைப் பிடித்துத் தள்ளினாள். நான் எழுந்திருப்பதற்குள் என் அம்மா தேநீர்க் கிண்ணத்தைப் பட்டென்று கீழே வைத்தாள். "பிள்ளைக்கு இஷ்டமில்லன்னா விடுங்க. யாரும் அவளைத் தொட வேணாம்" என்று சொல்லி, அவளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

வேறொருத்தியாக இருந்தால் மனம் குளிர்ந்திருக்கும். எனக்குப் பொறாமையாக இருந்தது. வயிற்றில் சுமந்து பெற்ற பெண் மீது பொறாமை.

எனக்கு ஒன்பது வயதில் அதே மலையில், அதே மாமாவின் கூடாரத்தில் ஒரு கோடை இருந்தேன். அவர் செய்ததை எழுதக் கை வரவில்லை. பெண்ணைப் பெற்றவர் நீங்கள், புரிந்துகொள்வீர்கள். திரும்பி வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். நான் ஆசைப்பட்டுக் கேட்ட செம்மறிக்குட்டி ஒன்றை மாமா என்னுடன் அனுப்பியிருந்தார். "கேட்டதைக் கைநீட்டி வாங்கிட்டு, இப்ப மாமனைப் பத்தி என்னடி பேச்சு? வாய மூடு" என்றாள். அவள் என்னை நம்பவில்லை என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். பாவம், அவளுக்குத் தெரியாது என்று அதிலும் ஓர் ஆறுதல் இருந்தது. அவள் கிண்ணத்தை வைத்த வேகத்தில் அந்த ஆறுதலும் போயிற்று. அவள் அன்றைக்கே நம்பியிருக்கிறாள். நம்பிவிட்டுத்தான் வாயை மூடச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து அக்மூருக்குத் தலை வாரும்போது வெடுக்கென்று இழுத்துவிட்டேன். "மாமாவை எதுத்துப் பேசுனதுக்குக் கோவமாம்மா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப ஏன் அழுற?" என்றாள். உனக்குக் கிடைத்த பாட்டி எனக்கு அம்மாவாகக் கிடைக்கவில்லையடி என்று அந்தக் குழந்தையிடம் எப்படிச் சொல்வது?

நேற்று மாமா உங்களுக்குப் போன் செய்தாராம். மாமன் கொடுக்கும் குட்டியை வேண்டாம் என்றால் மரியாதை இல்லை, அக்மூரைத் தாராளமாக அழைத்துப் போங்கள் என்றீர்களாம். மாதக் கடைசியில் கார் கொண்டு வருகிறாராம். உங்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. நான் சொல்லாதது உங்களுக்கு எப்படித் தெரியும்? ஆனால் அவள் போகமாட்டாள். வாசலில் குறுக்கே நிற்கவும் நான் தயார். ஊர் என்னைத் திட்டட்டும். அதற்கு முன்னால் நீங்களே அவரைக் கூப்பிட்டு, கொடுத்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். காரணம் கேட்டால், பிள்ளைக்கு இஷ்டமில்லை என்று மட்டும் சொல்லுங்கள்.

பிறகு எனக்குப் போன் செய்யுங்கள். யார் காதில் விழுந்தாலும் விழட்டும். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். நம்புகிறேன் என்று முதலில் சொல்லுங்கள். எனக்குப் பேச்சு வராவிட்டால் போனை வைத்துவிடாதீர்கள்.

போன இடத்தில் கடவுள் உங்களைக் காக்கட்டும்.

கேன்ஜெகுல்