‘ஏதோ திருப்தி’ என்று எழுதியவர்களின் ஊரில்

இன்று காலை யாங்கோனில், தாமுவேப் பேட்டையில் பஸ் ஏறியபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்த அம்மாளின் கழுத்தில் ஒரு வலிப்பட்டை ஒட்டியிருந்தது. கற்பூரமும் புதினாவும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய். வலது மணிக்கட்டில் பட்டை ஒட்டிக்கொண்டு, விசைப்பலகையின் மேல் குனிந்து, யாரோ ஒரு கிழவரின் கையெழுத்தைப் படிக்கக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருக்கும் நீ. அந்த அம்மாள் இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கிப் போனார். வாடை மட்டும் இருக்கையில் கிடந்தது. எனக்கு இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போயிருந்தது.

நாம் பார்த்த வேலையை இப்போது யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். ஜப்பானில் ஊர் ஊராக மக்களிடம் கருத்துக் கேட்டு நிரப்பி வாங்கிய தாள்கள், படமாக யாங்கோனில் நம் திரைக்கு வரும். அதைப் படித்து எழுத்தாக ஏற்ற வேண்டும். இப்போதைய வாழ்க்கை உங்களுக்குத் திருப்தியா? அக்கம்பக்கத்தாரோடு எந்த அளவு பழகுகிறீர்கள்? எதை நினைத்துக் கவலைப்படுகிறீர்கள்? இனி வாழ்க்கை மேலாகுமா, இப்படியே இருக்குமா, கெடுமா? கண்ணால் பார்த்திராத ஒரு நாட்டின் மனசு ஒவ்வொரு நாளும் நம் மேசைக்கு வந்தது. மாலை வகுப்பில் சேர்ந்து ஜப்பானிய எழுத்து படித்த நமக்கு அது கிடைத்தற்கரிய உத்தியோகம். குளிர்சாதனம், மதியச் சாப்பாடு, போக வர ‘ஃபெரி’ என்று நம் ஊரில் சொல்கிற கம்பெனி வண்டி.

அந்தப் பதில்கள் உன்னைப் பாடாய்ப் படுத்தின. பெரும்பாலோர் ‘திருப்தி’ என்று எழுத மாட்டார்கள். ‘ஏதோ திருப்தி’ என்பதில்தான் வட்டம் போடுவார்கள்.

“இங்க பாரு புள்ள, சொந்த வீடு, பென்சன், புள்ளைங்களுக்கெல்லாம் வேலை. அப்பறமும் ஏதோ திருப்தியாம். முழுசா திருப்தின்னு எழுதுனா கை சுட்டுருமா இவருக்கு?” என்பாய்.

எதைக் கேட்டாலும் ‘இப்படியென்றும் சொல்ல முடியாது, அப்படியென்றும் சொல்ல முடியாது’ என்று ஒரு நடுக்கட்டம் இருக்கும். பாதிப் பேர் அதில் போய் ஒளிந்துகொள்வார்கள். அக்கம்பக்கம் பற்றிய கேள்விக்குப் பலரும் ‘பார்த்தால் வணக்கம் சொல்லும் அளவு’ என்று எழுதியிருப்பார்கள். நீ அதைப் படித்துவிட்டு நாற்காலியைத் திருப்பிக்கொண்டு என்னைப் பார்ப்பாய். உங்கள் தாமுவே படிக்கட்டில் ஒரு வீட்டில் மீன் பொரித்தால் நான்கு வீட்டுக்குத் தட்டு போகும். “வணக்கத்தோட நிறுத்திக்கிற அக்கம்பக்கமா? செத்தா கூடத் தெரியாதே,” என்றாய் ஒரு நாள். நான் சிரித்தேன்.

இன்னொரு நாள் ஃபெரியில் போகும்போது உனக்கு விளையாட்டுப் புத்தி வந்தது. அதே கேள்வியை வண்டியில் இருந்த எல்லோரிடமும் பர்மிய மொழியில் கேட்டாய். இனி நம் வாழ்க்கை மேலாகுமா, இப்படியே இருக்குமா, கெடுமா? கணக்குப் பிரிவுப் பெண்கள், கூட்டிப் பெருக்கும் அம்மா, ஓட்டுநர், யாரும் யோசிக்கக் கூட இல்லை. “கௌங்மாபொ,” என்றார்கள். நல்லாத்தான் இருக்கும், வேறெப்படி? அந்த நாளில் வண்டியில் இருந்த ஒருவருக்கும் சொந்த வீடு கிடையாது. மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் நடந்து வண்டி ஏறுகிறவர்கள். எல்லாம் இருக்கிற ஜப்பானியர்கள் ‘இப்படியே இருக்கும்’ என்று எழுத, ஒன்றுமில்லாத நாம் ‘நல்லாத்தான் இருக்கும்’ என்றோம். நீயும் கையைத் தூக்கி அதையே சொன்னாய். அன்று உன் முகத்தில் இருந்த தெளிச்சியை அதற்குப் பிறகு நான் யார் முகத்திலும் பார்க்கவில்லை.

பிறகு ராணுவம் ஆட்சியைப் பிடித்த அந்த பிப்ரவரி வந்தது. இணையம் நின்றது, வங்கி நின்றது. அலுவலகம் கொஞ்ச நாள் இழுத்துப் பார்த்துவிட்டு வேறொரு நாட்டுக்குப் போயிற்று. ஃபெரியில் வந்தவர்கள் திசைக்கொருவராகப் போனார்கள். அதே வருஷம் உன் அப்பாவுக்குப் பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்தது. போட்டாதாங் படகுத்துறையில் வாழ்நாளெல்லாம் மூட்டை தூக்கிய கை, ஒரு டம்ளரைத் தூக்க முடியாமல் கிடந்தது. அம்மா எப்போதோ போய்விட்டாள். கூடப் பிறந்தவர்கள் இல்லை. நீ ஒருத்திதான்.

முதியோர் பராமரிப்பு வேலைக்கு ஜப்பானில் ஆள் எடுக்கிறார்கள் என்று இருவரும் சேர்ந்துதான் பரீட்சை எழுதினோம். இருவருமே தேறினோம். அன்று உங்கள் வீட்டு ஜன்னலோரம் தேநீரை வைத்துக்கொண்டு நீ சொன்னாய்: “ரெண்டு பேரும் போனா அப்பாவ யாரு பாக்குறது? மொதல்ல நான் போறேன். மருந்துக்கு ஒரு வழி பண்ணிட்டு வந்துர்றேன். அப்பறம் நீ போ. மொறை வச்சிக்கலாம் புள்ள.” எனக்குச் சரியென்று பட்டது. அண்ணன் வீட்டில் ஒரு மூலையில் இருந்த எனக்கு உங்கள் வீடு இன்னொரு வீடுதான். விமான நிலையத்தில் அப்பாவின் சக்கர நாற்காலிக் கைப்பிடியை என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாய்.

பனி கொட்டும் வடக்குப் பக்கத்துச் சிறிய ஊர் அது. மதிய இடைவேளையில் கூப்பிடுவாய். முதல் மாதங்களில் உன் பேச்சில் ஒரே பரபரப்பு. “நாம டைப் அடிச்ச மனுசங்கள எல்லாம் நேர்ல பாக்குறேன்டி,” என்றாய். உன் பொறுப்பில் ஒரு முதியவர் இருந்தார், பழைய பள்ளிக்கூட வாத்தியார். அந்த இல்லத்தில் மாதா மாதம் தாளைக் கொடுத்துக் குறை நிறை கேட்பார்களாம். அவர் நடுங்கும் கையால் எல்லாவற்றிலும் ‘திருப்தி’ என்று வட்டம் போடுவார். தாளைக் கொடுத்துவிட்டு, “கதவைச் சாத்தாமல் போக முடியுமா?” என்று மெல்லக் கேட்பார். தனியாக இருக்கப் பயம். அதை எழுதுவதற்கு அந்தத் தாளில் இடமும் இருந்தது. அவர் எழுதியதில்லை.

“பொய்யா எழுதுறாரு?” என்று கேட்டேன்.

“பொய் இல்ல. அடுத்தவுகளுக்குச் சொமையாயிரக் கூடாதுங்கறது இவுக ரத்தத்துல ஊறியிருக்கு. எதக் கேட்டாலும் கேக்குறவங்க மனசு நோகாத பதிலாப் பாத்துச் சொல்றாக. நாமதான் புரியாம சிரிச்சிட்டோம்.”

அடுத்த வீட்டில் ஒரு வயதான அம்மாள் தனியாக இருந்தார் என்றும் சொன்னாய். தினமும் காலையில் நீ வேலைக்குக் கிளம்பும்போது அவர் வாசல் பனியை வழித்துக்கொண்டிருப்பார். “காலை வணக்கம்” என்பார். நீயும் சொல்வாய். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. “சரியா வணக்கம் சொல்லும் அளவு,” என்று சிரித்தாய்.

ஆனால் நாளாக நாளாக நீயே அவர்களைப் போல ஆகிவிட்டாய். எப்படி இருக்கிறாய் என்றால், “ஏதோ இருக்கேன்.” சாப்பாடு? “ஏதோ.” உன் குரலில் இருந்த கூர் போய்விட்டிருந்தது. இங்கே பட்டாளத்துக்குக் கட்டாய ஆள் எடுப்புச் சட்டம் வந்து, கையில் கிடைத்த வழியில் இளைஞர்கள் ஓடிக்கொண்டிருந்த நாட்கள். இங்கத்திய சேதிகளை நான் உன்னிடம் குறைத்துச் சொன்னேன். அங்கத்தியதை நீ என்னிடம் குறைத்துச் சொன்னாய். ஒரு தடவை மட்டும் தலைவலி என்றாய். பின்மண்டையில் சுத்தியால் அடிப்பது போல என்றாய். டாக்டரிடம் போ என்று கத்தினேன். “லீவு கேட்டா என் ஷிப்ட வேற யாராவது சொமக்கணும். இருக்கறதே கொஞ்ச ஆளு. அடுத்த வாரம் பாக்குறேன்,” என்றாய். வலிக்குப் பட்டை ஒட்டியிருக்கிறேன் என்று கழுத்தைத் திருப்பிக் காட்டினாய்.

அடுத்த வாரம் ஒரு காலையில் அந்த இல்லத்து மேற்பார்வையாளர் கூப்பிட்டார். நான் அப்பாவுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். ஜப்பானிய மொழியில் மன்னிப்புச் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. அவற்றுக்கு நடுவில் சேதி எங்கே இருக்கிறது என்று நான் தேடினேன். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது. உன்னைக் கண்டுபிடித்தது அடுத்த வீட்டு அம்மாள். அன்று காலை உன் வணக்கம் வரவில்லை. பனி வழித்து முடித்தும் வரவில்லை. அந்த அம்மாள் உன் கதவைத் தட்டி, ஜன்னலில் எட்டிப் பார்த்து, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, அது வரும்வரை வாசலிலேயே நின்றாராம். ஆனாலும் நேரம் கடந்துவிட்டிருந்தது.

மறுநாள் மேற்பார்வையாளரின் போனில் அந்த அம்மாளே என்னோடு பேசினார். “அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. வணக்கம் மட்டும்தான் தெரியும். அந்தக் குரல் நன்றாக இருந்தது,” என்றார். நான் நன்றி சொன்னேன். 

இங்கே அப்பாவிடம் சொல்லும்போது நான் அழுத சத்தம் படிக்கட்டு முழுக்கக் கேட்டிருக்கும். மீன்தட்டு போன அந்த நான்கு வீடுகளிலிருந்தும் யாரும் மேலே வரவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் வார்டு அலுவலக ஆட்கள் வீடு வீடாக ஏறி, யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று விசாரித்து, மூன்றாம் மாடிப் பையனைப் பட்டாளத்துக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். சத்தம் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்வது என்று ஆகிவிட்டது. சாயங்காலம் திறந்து பார்த்தபோது வாசலில் ஒரு சோற்றுப் போணி இருந்தது. இரண்டாம் மாடிப் பர்மிய அம்மாளுடையது, மூடியைப் பார்த்ததும் தெரிந்தது. வைத்துவிட்டுத் தட்டாமலே போயிருக்கிறார். இப்போது தாமுவேயில் யாராவது தாளைக் கொடுத்து அக்கம்பக்கத்தோடு எப்படி என்று கேட்டால் என்ன எழுதுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வணக்கம் கூடச் சொல்வதில்லை. கேட்க வருகிறவன் யாரென்று தெரியாமல் வாயைத் திறக்கவும் மாட்டார்கள்.

உன்னை அங்கேயே எரித்தார்கள். ஊருக்குத் திரும்பிய ஒரு பெண் வெள்ளைத் துணி சுற்றிய பெட்டியை மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தாள். விமான நிலையத்தில் அவளை நிறுத்திப் பெட்டியில் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். “என் அக்கா,” என்று சொன்னாளாம். உன்னை அவள் பார்த்ததே இல்லை.

நான் மாதா கோவிலுக்குப் போகிறவள். உங்கள் முறை எனக்குத் தெரியாது. பெருமாள் கோவில் ஐயரைப் போய்க் கேட்டேன். அவர் நட்சத்திரம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அப்பாவுக்கும் நினைவில்லை. பரவாயில்லை, ஆற்றில் கரைத்துவிடலாம், நல்ல நாளாகப் பார்த்துத் தருகிறேன் என்றார். நாள் பார்த்தாயிற்று, பூ வாங்கியாயிற்று, படகுக்கும் சொல்லியாயிற்று. காலையில் பெட்டியை எடுக்கப் போனால், அப்பா இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“விட்ரு தாயி.”

“அப்பா, படகு நிக்குது. வீட்ல வச்சிருக்கக் கூடாதுங்கறாரு ஐயரு.”

“இப்பத்தானே வந்தா? அம்புட்டுத் தூரத்துலேர்ந்து வந்துருக்கா. கொஞ்ச நா இருக்கட்டும்.” சொற்கள் குழறி வந்தன. “எனக்கு எவ்வளவு நாளு? நான் போறப்போ ரெண்டு பேத்தையும் ஒண்ணாக் கொண்டு போ. அந்தத் தொறையிலதான் நான் ஒழைச்சேன். அங்கேயே விட்ரு.”

படகுக்காரரைத் திருப்பி அனுப்பினேன். பூவைப் பெட்டிக்கே சாத்தினேன்.

அன்றிலிருந்து மாத்திரையை அவர் ஒழுங்காக விழுங்குவதில்லை. நாக்குக்கு அடியில் ஒதுக்கி, நான் திரும்பியதும் துப்பிவிடுகிறார். தலையணைக்குப் பின்னால் கிடக்கும். உன்னை அங்கே அனுப்பி வாங்கிய மருந்து என்று அவருக்குத் தெரியும். திட்டுகிறேன். “நீ சொல்றது சரிதான்,” என்கிறார். அடுத்த வேளையும் துப்புகிறார். அவரை எதற்காகப் பிழைக்கச் சொல்கிறேன் என்று எனக்கே சில நாள் விளங்குவதில்லை. மின்சாரம் வரும் சில மணி நேரத்தில் தண்ணீர் ஏற்றி வைப்பதும், அரிசி வாங்குவதும், அவரைத் திருப்பிப் படுக்க வைப்பதுமாகப் பொழுது போகிறது.

போன வாரம் ஜப்பானுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சியிலிருந்து கூப்பிட்டார்கள். பழைய பரீட்சைச் சான்றிதழ் இன்னும் செல்லும், உடனே இடம் இருக்கிறது, வெளிநாடு போகும் வழி அடைபடுவதற்குள் முடிவு சொல்லுங்கள் என்றார்கள். ஊர் வேறு. வேலை அதேதான். நான் ஜன்னலோரம் போய்த் தாழ்ந்த குரலில்தான் பேசினேன். ஜப்பானிய மொழி வேறு. இருந்தும் அப்பா கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மொழியின் ஓசை அவருக்குப் பழகியிருக்கிறது. நீ இந்த அறையில் உட்கார்ந்து சத்தம் போட்டுப் படித்ததுதானே.

“நீயும் போறியா?” என்று கேட்டார்.

“இல்லப்பா.”

“போறதுன்னா போ தாயி. ஒம் மொறை. அவ சொல்லிட்டுத்தான் போனா.” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். “போறதுக்கு முன்னாடி எங்க ரெண்டு பேத்தையும் ஆத்துல விட்டுட்டுப் போ.”

அவர் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கைகாலைத் துடைத்துவிட்டேன். ஏஜென்சிக்கு நான் முடியாது என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. சரி என்றால் நான் இவருடைய சாவுக்குக் காத்திருப்பவள். முடியாது என்றால் எனக்கு இனி இந்த அறைதான்.

உன்னிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது என்ன என்று சில சமயம் நினைத்துப் பார்ப்பேன். நீ கொடுத்துவிட்டுப் போன சக்கர நாற்காலியின் கைப்பிடி ரப்பர் தேய்ந்து கம்பி தெரிகிறது. அதைப் பிடித்து அவரைச் சாயங்காலம் ஜன்னல்வரை தள்ளிக்கொண்டு போகிறேன். கீழே தெருவில் கடைகளை அவசரமாகக் கட்டுகிறார்கள். அவர் ஆறு இருக்கும் திசையைப் பார்க்கிறார். நான் அவர் தலைக்கு மேலே நின்றுகொண்டு கைப்பிடியை விடாமல் பிடித்திருக்கிறேன். நீ எப்போது வந்து வாங்கிக்கொள்வாய் என்று யாரையும் கேட்க முடியாது.