முத்துவின் பையில் வைத்த உருண்டைகள்

டிச. 8, திங்கள்

காலையிலிருந்து மூட்டம். மாடித் துணி காயவே இல்லை. முத்துவுக்குப் பெட்டி கட்டியாயிற்று. தென்னாப்பிரிக்கா. இந்திய அணியோடு முதல் வெளிநாட்டுப் பயணம். வைத்தவை: பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், நார்த்தங்காய். அப்புறம் அவன் இடுப்பு வலிக்குத் திருவான்மியூர் வைத்தியரின் பொடியைத் தேனில் பிசைந்து நான் உருட்டிய உருண்டைகள், ஒரு டப்பா நிறைய. இடுப்பு வலியைப் பற்றி அணியில் மூச்சு விடவில்லை பிள்ளை. வேகப்பந்து போடுகிறவனுக்கு இடுப்பு போச்சு என்றால் வேறு ஒருத்தனை ஏற்றிவிடுவார்களாம்.

"எது சாப்பிட்டாலும் டீம் டாக்டரைக் கேக்கணும்மா" என்றான். பெற்றவள் கொடுப்பதற்கு எந்த டாக்டரைக் கேட்க வேண்டும்? வாயிலேயே ஒன்றைத் திணித்தேன். சிரித்துக்கொண்டே மென்றான்.

டிச. 15, திங்கள்

விட்டு விட்டு மழை. கரண்ட் இல்லை, மாவு அரைக்கவில்லை. முத்து போன். "வலி போன எடமே தெரியலம்மா. நாளைக்கு நான் ஆடுறேன்!" அழுதுவிட்டேன். "உருண்டை?" "தினம் ரெண்டு, கரெக்டா."

இவர் தன் தி.நகர் கடையில் எல்லோருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தாராம். ரொம்பத்தான் குதிக்கிறார். நான் மட்டும் என்ன, குதிக்காமலா இருக்கிறேன்.

டிச. 16, செவ்வாய்

மழை இல்லை, ஆனால் இருட்டிக்கொண்டு நிற்கிறது. கடல் பக்கமிருந்து ஒரே இரைச்சல்.

காலையில் எதிர் வீட்டு சரோஜா மாமி வந்து நின்றாள். முகம் பூரி மாதிரி உப்பி, கண் இடுங்கி. "முட்டி வலி போயிடுத்துடீ. மூஞ்சியைப் பாரேன், எனக்கே அடையாளம் தெரியலை." மாமிக்கும் அதே பொடி. வாங்கிக் கொடுத்தது நான்தான். மிச்சப் பொடியோடு மாமியையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அடையாறு டாக்டர் பொடியை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஸ்டீராய்டு கலந்திருப்பாங்கம்மா. இந்த மாதிரி நிறைய கேஸ் வருது." வைத்தியர் கடைக்கு ஓடினேன். ஷட்டர் இறக்கிக் கிடக்கிறது. போன் அணைத்திருக்கிறது. பாவி.

இவருக்குச் சொன்னேன். கடையை அப்படியே போட்டுவிட்டு வந்துவிட்டார். "ஏட்டி, அது ஊக்க மருந்து கணக்குல்லா! சோதனையில புடிச்சான்னா வருஷக்கணக்குல ஆட விடமாட்டாம்ட்டி." எனக்கு இதெல்லாம் யார் சொன்னார்கள்?

முத்துவைக் கூப்பிட்டோம், கூப்பிட்டோம், எடுக்கவில்லை. மேட்ச் நாளில் மைதானத்துக்குள் போனதுமே போனை வாங்கி வைத்துவிடுவார்கள், சூதாட்டக்காரர்களுக்குப் பயந்து. அணி மேனேஜர் நம்பர் இருக்கிறது. இவர் விடவில்லை. "நம்ம பிள்ளையை நாமளே புடிச்சுக் குடுக்கணுமா? ராத்திரி அவன் பேசட்டும். மிச்சத்தைத் தூக்கிப் போடச் சொல்லுவோம். வாயைத் தொறக்காத."

நானும் மூடிக்கொண்டேன்.

பிற்பகல் டிவி. முதல் விக்கெட் முத்துவுக்கு. இரண்டாவதும். தெருவில் வெடி. "உங்க பையன் பின்றான் ஆன்ட்டி!" என்று ஜன்னல் வழியாக ஒரு பெண் கத்தினாள். நல்லாப் போடாதேடா கண்ணு, இன்றைக்கு மட்டும் யார் கண்ணிலும் படாதே. நல்லாப் போடுகிறவனைத்தான் சோதனைக்குக் கூப்பிடுவார்களாம், இவர் சொன்னார். பெற்ற வாயால் இப்படியும் வேண்டிக்கொண்டேன். ஐந்து விக்கெட் எடுத்தான்.

ஆட்டம் முடிந்தது. போன் வரவில்லை. இவர் சாப்பிடவில்லை. நானும்.

கடைசியில் போன் வந்தது. குரலில் அத்தனை சந்தோஷம். "பாத்தியாம்மா? லேட்டுக்கு சாரி. ஊக்க மருந்து டெஸ்டுக்குக் கூப்பிட்டாங்க, இப்பதான் யூரின் குடுத்துட்டு வரேன்."

இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னடா கேட்டாங்க?"

"என்ன மருந்து சாப்பிடறேன்னு கேட்டாங்க. ஒண்ணுமில்லன்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."

"உருண்டை?"

"அது மருந்தாம்மா? நீ பண்ணிக் குடுத்ததும்மா."