ஒற்றைக் குண்டிக்காய்

9-1-38, ஞாயிறு
பனி. கோட்டைப் பாறை எட்டு மணி வரை கண்ணில் படவில்லை. சவரம். நாலாம் பாரம் வகுப்பு விடைத்தாள், பாக்கி 22.

கறிக்கடை காசிம் பாய் வாசலில் நின்றார், முகம் செத்துப்போய். வாரந்தவறாமல் எனக்கு ஜோடிக் குண்டிக்காய் எடுத்துவைப்பவர். இன்று இலையில் ஒன்றே ஒன்று.

"நான் ஒளிச்சு வெக்கலீங்க வாத்தியாரே. அறுத்துப் பாத்தா இந்தக் கெடாவுக்கு ஒண்ணுதானுங்க இருந்துச்சு. சத்தியமுங்க."

பாவம், சந்தேகப்படுவேன் என்று பயம். நானோ அவரைக் கட்டிப்பிடிக்காத குறை. ஒன்றுதான், ஆனால் ஒன்றரைப் பங்கு பருமன்!

எனக்கும் ஒன்றுதானே. மதராஸில் கல்லோடு இடப்பக்கச் சிறுநீரகத்தை எடுத்து மூன்று வருஷம். அன்றுமுதல் வீட்டுக்காரி செல்லம்மாளின் சட்டம்: குடம் தூக்கக்கூடாது, மலை ஏறக்கூடாது, பாப்பா பிறந்ததும் அவளையும் தூக்கக்கூடாது. மகளுக்கு இரண்டரை வயது. மடியில் வைத்ததோடு சரி. தடையில்லை என்று டாக்டர் எழுதிய காகிதம் அரிசிப்பானைக்கு அடியில்.

குழம்புக்குப் போக இருந்ததைப் பிடுங்கிக்கொண்டு பள்ளிக்கூட ஆய்வறைக்கு ஓட்டம். ஓட்டமென்ன, நடைதான்.

10-1, திங்கள்
பாயிடம் சாதாரண ஆட்டினுடையதும் ஒன்று வாங்கினேன். இரண்டின் ரத்தக்குழாயிலும் பிசின் கலந்த சிவப்பு மை ஏற்றினேன். வேட்டி நாசம். சவரக்கத்தியால் மெல்லிய சீவல். மைக்ராஸ்கோப்.

அடடா! ரத்தத்தை வடிக்கும் சிவப்பு முடிச்சுகள், எண்ணிக்கை கூடினதாகத் தெரியவில்லை. ஆனால் ஒற்றையில் ஒவ்வொன்றும் பெருத்திருக்கிறது. உள்ளே மயிரிழைக் குழாய்கள் நீண்டு, வளைந்து, புதிதாய்க் கிளைவிட்டு. என்னுள் மிஞ்சிய ஒன்று பெருத்தால் அதன் பழைய குழாய்கள் இழுபட்டு இளைத்துப்போகும் என்று எத்தனை நாள் பயந்தேன்! சதை வளர்ந்த இடமெல்லாம் ரத்தமும் கூடவே போயிருக்கிறது. கெடாவுக்குப் பிறவியிலேயே ஒன்றோ, நடுவில் கெட்டதோ, தெரியாது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பியூன் எட்டிப்பார்த்துவிட்டுப் போனார்.

11-1, செவ்வாய்
மாலை செல்லம்மாளை ஆய்வறைக்குக் கூட்டிப்போனேன். ஒரு கண்ணால் பார்த்தாள். மறு கண்ணாலும் பார்த்தாள்.

"செவப்பு நூல்கண்டாட்டம் இருக்குதுங்க."

விளக்கினேன், அரை மணி நேரம். "சரிங்க" என்றாள். அந்தச் 'சரிங்க'வை எனக்குத் தெரியாதா.

வரும் வழியில் கறிக்கடை. அவளாகவே நின்றாள். "ஏனுங்க பாய், அது சீக்குக் கெடாவுங்களா?"

"சீக்கா! மேச்சேரிக் கெடாவுங்க அம்மா. புடிக்கப் போன மூணு பேரையும் முட்டிச் சாச்சுப்புடுச்சு. இன்னும் இடுப்பு வலிக்குதுங்க."

வீட்டில் குடத்தைக் காட்டி, "தண்ணி கொண்டாங்க."

என் மைக்ராஸ்கோப்பைவிடப் பாயின் இடுப்புக்குத்தான் மதிப்பு. இருக்கட்டும். இரண்டு குடம் கொண்டுவந்தேன். மூன்றாவதுக்கும் கேட்டுப்பார்த்தேன், வேண்டாமாம்.

15-1, சனி
பொங்கல் லீவு. இதமான வெயில். மூவரும் கோட்டைப் பாறை. பாப்பா என் தோளில். பாதிப் படியில் நின்றேன். மூச்சுக்காக அல்ல, கண்ணைத் துடைக்க. பின்னால் செல்லம்மாள், "மெதுவாங்க" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

பாப்பா என் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு, "போ கெடா, போ!" யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்கவும் வேண்டுமா. திரும்பிப் பார்த்தால், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறாள்.

போனேன்.