‘அடேய்’ என்று பாடியவனுக்கு

டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு பெண் குரல் ‘அடேய்’ என்றது. சட்டெனத் திரும்பினேன். கப்பல் வேலையிலிருந்து விடுமுறைக்கு வந்தவன் ஒருவனின் செல்போன் பாடிக்கொண்டிருந்தது. கீபோர்டு, சாக்ஸபோன், என்னென்னவோ சத்தம். அடியில் உன் ஊர்க் கம்பி வாத்தியம், கிரார். எரித்திரியாவில் இப்போது வந்த பாட்டாம். டீயைக் குடிக்காமலே வந்துவிட்டேன். அதிலிருந்து வீட்டில் எல்லாரிடமும் எரிந்து விழுகிறேன்.

எழுபதுகளில் உன் கப்பல் எஞ்சின் பழுதாகி நம் துறைமுகத்தில் முடங்கிக் கிடந்தது. எங்கள் கல்யாணக் கச்சேரிக் குழு ஒத்திகை பார்க்கும் கொட்டகைக்குள் பாட்டுச் சத்தம் கேட்டு நீயாகவே நுழைந்தாய். சொந்த ஊர் எரித்திரியாவில் மசாவா துறைமுகம் என்றாய். அங்கேயும் உப்பளம் உண்டு, பக்கத்துத் தீவுகளில் முத்துக் குளிப்பும் உண்டு என்றாய். மூட்டை தூக்குகிறவர்களிடம் தமிழ் படித்ததால் பங்குச் சாமியாரையே ‘ஏலே’ என்று கூப்பிட்டவன் நீ.

ஊரில் விடுதலைச் சண்டை; அம்மாவிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அதனால் உன்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. நடந்துகொண்டே பேசுவாய், நின்றுகொண்டே சாப்பிடுவாய்.

என் கிதாரை வாங்கி ஒரு கம்பியைக் கழற்றினாய். “அஞ்சு போதும்லே.” தோல் போர்த்திய மரக்கிண்ணத்தில் கட்டிய உங்கள் கிராருக்கு ஐந்து கம்பிதானாம். உங்கள் பெரிய பட்டணமான அஸ்மராவில் பையன்கள் எலெக்ட்ரிக் கிதாருக்கு மாறிவிட்டார்கள், விரல் மட்டும் கிராரை விடவில்லை என்று வாசித்துக் காட்டினாய். ஆடுகிறவர்களை வட்டமாக மெல்ல நடக்கவைத்து, கடைசியில் தோள் குலுங்க வேகமெடுக்கும் தாளம். எங்கள் டிரம்ஸ் அண்ணாச்சி திணறிப்போனார். “ஏலே, இது நொண்டிக்கிட்டே ஓடுதே” என்றார்.

பெரியதாழையில் ஒரு கல்யாணத்தில் உன்னைப் பாடவிட்டோம். அடிக்கொரு ‘அடேய்’ வந்தது. யாரோ கூட்டாளியை அழைக்கிறாய் என்றே நினைத்திருந்தோம். சனத்துக்குப் பிடித்துப்போய், நீ வாயைத் திறக்குமுன்பே பந்தல் முழுக்க ‘அடேய்’ என்று கத்தியது. மாப்பிள்ளையும் சேர்ந்து கத்தினார். நீ பாதியில் நிறுத்திவிட்டு வெளியே போனாய்.

பின்னாலேயே வந்து கேட்டேன், “என்னலே ஆச்சு?”

“எங்க பாஷைல அடேய்னா எங்கம்மா. நாட்டுப் பேரைச் சொல்லிப் பாடுனா பட்டாளத்துக்காரனுவ புடிச்சிட்டுப் போயிருவானுவ. அதான் அம்மான்னு பாடுதோம்.” பந்தலைத் திரும்பிப் பார்த்து, “இம்புட்டு பேரு எங்கம்மாவக் கூப்புட்டாவ. நான் போவணும்லே” என்றாய்.

“அங்கன போனா செத்துருவ.”

“இங்கன இருந்தா மட்டும்?”

எனக்குக் கோபம் வந்தது. இன்னும் தீரவில்லை. அந்தப் பாட்டைக் கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோகாமல் இருந்திருக்கலாம் என்று நினைப்பேன். எப்படியும் நீ போயிருப்பாய் என்றும் நினைப்பேன்.

கப்பல் சரியாகிப் போய்விட்டது. பிறகொரு தடவை அது இங்கே வந்தபோது அதன் சமையல்காரர் சொன்னார்: நீ ஜிபூட்டியில் இறங்கி, பாய்மரப் படகொன்றில் வடக்கே உன் ஊர்ப் பக்கம் போனாயாம். சண்டையில் செத்துப்போனாயாம்.

“வீட்டுக்குப் போற வழியிலயா, போய்ச் சேந்த பெறவா?” என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. செத்தவனுக்கு அதில் என்ன என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

உன் பாட்டு என் விரலில் இருக்கிறது, பிசகாமல் வாசிப்பேன். உன் சாவையும் ஒருவழியாக ஒத்துக்கொண்டுவிட்டேன். ஆனால் அம்மாவைப் பார்த்துவிட்டுத்தான் செத்தாயா என்ற கேள்வி, இந்த வயதிலும் என்னை ஓரிடத்தில் உட்காரவிடவில்லை.